நீறு பூத்த நெருப்பும் எங்க ஊருப் பிள்ளைகளும்

கோவில்பட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாதிப் பேருக்குக் கடலை மிட்டாய். (2020ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு, தெரியும்ல!) விளையாட்டுப் பக்கம் போறவங்களுக்கு ஹாக்கி. புத்தகம் படிக்கிறவங்களுக்குப் பக்கத்துல இருக்கிற இடைசெவல், அங்க பிறந்த கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி. மிச்சப் பேருக்குத் தீப்பெட்டி.

நெருப்பை டஜன் கணக்குல பெட்டியில போட்டு வித்துப் பொழைக்கிற ஊரு. அதனால நெருப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன். நீறு பூத்த நெருப்புன்னு சொல்வோம்ல... மேல சாம்பல் மூடி, அணைஞ்சு போன அடுப்பு மாதிரியே இருக்கும். கையை வெச்சாத்தான் சுடும். எங்க ஊருல இருபது, இருபத்தஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ளைக நெறைய பேரு உடம்புக்குள்ள அப்படி ஒண்ணு கனிஞ்சுக்கிட்டு இருக்குன்னு எனக்கு ஒரு கவலை. பாக்க ஒல்லியாத்தான் இருக்காங்க. அதுதான் வில்லங்கமே.

நான் டாக்டர் இல்லீங்க. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துறவ. அதனால கொஞ்சம் பாடம் நடத்துற வாடை அடிக்கும். பொறுத்துக்கங்க :-)

முள்ளுக்குத்தும் உள்சூடும்

பாடப் புத்தகத்துல அழற்சின்னு ஒரு வார்த்தை இருக்கு. பிள்ளைகள்ட்ட அர்த்தம் கேட்டா முழிக்கும். எங்க ஊருல இதைப் புரிய வைக்க ரொம்ப சுலபம். "சீமைக்கருவேல முள்ளு கால்ல ஏறியிருக்கா?"ன்னு கேட்டாப் போதும். ஏறாத கால் கரிசக்காட்டுல கிடையாது. குத்துன இடம் செவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். உள்ள வந்த கிருமியை அடிச்சு விரட்ட நம்ம உடம்பு அனுப்புற படை அது. நாலஞ்சு நாள்ல வேலையை முடிச்சுட்டுத் திரும்பிரும். இது நல்ல நெருப்பு. இது இல்லேன்னா முள்ளுக்குத்துலயே செத்துப் போயிருவோம்.

இன்னொரு வகை இருக்கு. முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை, ஆனா படையைக் கிளப்பி விட்டாச்சு. வீக்கம் தெரியாது, வலி தெரியாது. வருசக்கணக்கா லேசா கனன்னுக்கிட்டே இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரு, ஈரல், சினைப்பைன்னு எல்லாத்தையும் மெதுவா சூடு காட்டும். இதைத்தான் நீறு பூத்த நெருப்புன்னு சொல்றேன்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒரு புரதம் இருக்கு. முழுப் பேரு சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930ல நியூயார்க்குல ராக்ஃபெல்லர் நிறுவனத்துல டில்லெட், பிரான்சிஸ்னு ரெண்டு பேரு நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க. எங்கயாவது அழற்சி இருந்தா ஈரல் இதைத் தயார் பண்ணி ரத்தத்துல விடும். காய்ச்சல்ல சட்டுன்னு பல மடங்கு ஏறும், நோய் விட்டதும் இறங்கிரும். ரொம்பக் குறைஞ்ச அளவைக் கூடப் பிடிக்கிற நுண்ணிய பரிசோதனை பின்னாடி வந்துச்சு. 2003ல அமெரிக்க இதயச் சங்கம் ஒரு கணக்கு சொன்னது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா நல்லது. 1ல இருந்து 3 வரைக்கும் நடுத்தரம். 3க்கு மேலன்னா இதய நோய்க்கு வாய்ப்பு ஜாஸ்தி. 10ஐத் தாண்டுனா ஏதோ காய்ச்சலோ புண்ணோ இருக்கு, அது ஆறின பிறகு மறுபடி எடுத்துப் பாருன்னு அர்த்தம்.

இதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, 2024ல ஒரு ஆய்வு முடிவு வந்துச்சு. அமெரிக்காவுல 27,939 பெண்களோட ரத்தத்தை 1990கள்ல ஒரே ஒரு தடவை எடுத்து வெச்சு, அவங்களை 30 வருசம் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. அந்த ஒத்தை ரத்தத்துல சி.ஆர்.பி. கூடுதலா இருந்தவங்களுக்கு அடுத்த முப்பது வருசத்துல மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலா வந்திருக்கு. அவங்க எல்லாம் நடுத்தர வயசுக்காரங்க, நம்ம ஊரு ஆளுங்களும் இல்லை. ஆனாலும் முப்பது வருசம் முன்னாடியே சாம்பலுக்குக் கீழ சூடு இருந்திருக்குங்கிறது யோசிக்க வைக்குது இல்லையா?

நெருப்பு எங்க இருந்து வருது?

ரொம்ப நாளா கொழுப்புன்னா சும்மா கெடக்குற சரக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. 1993ல ஹார்வர்டுல ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு குண்டான எலிகளோட கொழுப்பைச் சோதிச்சப்போ, அந்தக் கொழுப்பே டி.என்.எஃப்.ங்கிற அழற்சிப் பொருளைத் தயாரிக்குதுன்னு தெரிஞ்சுது. அடுத்த வருசமே, அதாவது 1994ல, கொழுப்பு செல் சுரக்குற லெப்டினைக் கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு சும்மா இல்லை, நாளெல்லாம் ஊருக்கு லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கிற ஆளுன்னு அப்புறந்தான் புரிஞ்சுது.

பருத்தி குடோனை நெனச்சுக்கங்க. அளவா அடுக்கி வெச்சா ஒரு பிரச்சனையும் இல்லை. கொள்ளாத அளவுக்குத் திணிச்சா மூட்டை பிதுங்கும், காத்தோட்டம் போயிரும், உள்ளுக்குள்ள புழுங்க ஆரம்பிக்கும். கொழுப்பு செல்லும் அப்படித்தான். அளவுக்கு மீறி ஊதினா திணறும். ஏதோ ஆபத்துன்னு நெனச்சு ரத்தத்துல இருக்கிற காவல் செல்கள் அங்க கூட்டம் கூட்டமா நுழையும். ரெண்டும் சேர்ந்து டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 எல்லாம் வெளிய விடும். வயித்துக்குள்ள குடலைச் சுத்தி இருக்கிற கொழுப்புன்னா அது நேரா ஈரலுக்கே போற ரத்தத்துல கலக்கும். ஈரல் உடனே சி.ஆர்.பி.யை உற்பத்தி பண்ணும். முள்ளே குத்தாம படை கிளம்புற கதை இதுதான்.

1999ல அமெரிக்காவுல 16,000 பேருக்கு மேல சோதிச்ச ஒரு ஆய்வுல, சாதாரண எடை உள்ளவங்களோட ஒப்பிட்டா சி.ஆர்.பி. கூடியிருக்கிற வாய்ப்பு குண்டான ஆண்களுக்கு 2 மடங்கு, குண்டான பெண்களுக்கு 6 மடங்கு. 17ல இருந்து 39 வயசுக்குள்ள இருக்கிறவங்களை மட்டும் தனியாப் பார்த்தும் முடிவு மாறலை. அதாவது இது கெழட்டு வயசுச் சமாச்சாரம் இல்லை.

"அமெரிக்காக்காரி கதை நமக்கெதுக்கு?"ன்னு கேப்பீங்க. 2005ல நம்ம சென்னையிலயே டாக்டர் வி.மோகன் குழுவினர் க்யூர்ஸ்ங்கிற பெரிய ஆய்வோட ஒரு பகுதியா இதைப் பார்த்திருக்காங்க. சர்க்கரை நோய், இதய நோய் ரெண்டோடயும் சி.ஆர்.பி.க்குத் தொடர்பு இருந்துச்சு. உடம்புக் கொழுப்போடயும் இருந்துச்சு.

ஒல்லியா இருந்தா தப்பிச்சமா?

அதுதான் இல்லை. 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு போட்டோ வந்துச்சு. ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன்ல இருந்த யுட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. உடம்புக் கொழுப்பை அளந்தா வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2 சதவீதம்! தராசுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு, உடம்புக்குள்ள ரெண்டு பேரும் வேற வேற. நம்ம ஆளுங்களுக்குத் தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. அதுலயும் தோலுக்கடியில இருக்கிற குடோன் நமக்குச் சின்னது. சீக்கிரம் நெறஞ்சு வயித்துக்குள்ள வழியும். அதனாலதான் நம்ம பெண்களுக்கு இடுப்புச் சுத்தளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பி.எம்.ஐ. 23லயே எச்சரிக்கைன்னு இந்திய மருத்துவர்கள் 2009ல தனிக் கணக்குப் போட்டாங்க.

இந்தக் கணக்கு எனக்கு வீட்டுக்கே வந்துச்சு. எங்க அக்கா மக, 23 வயசு. பி.காம். முடிச்சுட்டு ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பில்லு போடுறா. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ்னுதான் பேரு.) 152 சென்டிமீட்டர் உயரம், 47 கிலோ. ஒல்லிப்பிச்சான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். முடி கொட்டும். மாசாமாசம் வர வேண்டியது ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளிப் போகும். அக்கா சொன்ன வைத்தியம் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்"!

ஒரு வழியா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம். ஹீமோகுளோபின் 9.6. ஸ்கேன்ல சினைப்பை நீர்க்கட்டி. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. சி.ஆர்.பி. 4.2. சளி கிளி ஏதும் இருந்திருக்கலாம்னு ரெண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்தா 3.9. டாக்டரம்மா டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாங்க. 82. அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. "எம் பிள்ளை எங்க டாக்டர் குண்டா இருக்கா?"ன்னு கேட்டா. "குண்டுன்னு நான் சொல்லலைம்மா. கையையும் காலையும் பாருங்க, சதையே இல்லை. இருக்கிறதெல்லாம் வயித்துல"ன்னாங்க.

வெளிய வந்ததும் பிள்ளை என்கிட்ட கேட்டா, "சித்தி, நான் இன்னும் சாப்பாட்டைக் குறைக்கணுமா?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வெச்சுச்சு. ஏன்னா அவ ஏற்கனவே காலைச் சாப்பாடு சாப்பிடுறதில்லை. குறைக்கச் சொல்லி யாரும் சொல்லலை, ஆனா பிள்ளைகளுக்குக் கேக்குறது அப்படித்தான். கொழுப்பே இல்லாம ஒரு பொம்பளை உடம்பு நடக்காது. தொடையிலயும் பின்பக்கத்துலயும் இருக்கிற கொழுப்பு அவ்வளவா தொந்தரவு பண்ணாது, பிள்ளை பெத்துப் பால் குடுக்க உடம்பு சேத்து வைக்கிற சேமிப்பு அது. பட்டினி கெடந்தா வயித்துக் கொழுப்போட இருக்கிற கொஞ்சநஞ்சத் தசையும் கரையும். அவளுக்கு வேண்டியது தசை.

இரும்புக்கும் நெருப்புக்கும்

இன்னொரு விஷயமும் இதுல சிக்கியிருக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்புல 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. முந்தைய கணக்கெடுப்புல இது 30.9. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, நூறுல தொண்ணூத்தி மூணைத் தாண்டுது. அப்ப ரெண்டும் ஒரே உடம்புல இருக்கிறவங்களும் எத்தனையோ பேரு இருப்பாங்கதானே?

காரணத்துல ஒண்ணு ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன். 2000த்தை ஒட்டிக் கண்டுபிடிச்சாங்க. ஈரல்தான் இதையும் தயாரிக்குது. கிருமிக்கு இரும்புச் சத்து கிடைக்கக் கூடாதுன்னு, அழற்சி சமயத்துல குடல் வாசல்ல நின்னு இரும்பை உள்ள விடாம மறிக்கிற ஆளு. கிருமி வந்தா நல்ல காவல். ஆனா கிருமியே இல்லாம வருசம் முழுக்க இன்டர்லூக்கின்-6 வந்துக்கிட்டே இருந்தா? சாப்பிடுற கீரையும் போடுற மாத்திரையும் வாசலோட பாதி திரும்பிரும். எங்க பிள்ளை மாசக்கணக்கா மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலை. இதுதான் காரணம்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை, சாப்பாட்டோட டீ குடிக்கிற பழக்கமும் ஒரு காரணமா இருக்கலாம்னாங்க. இதைப் படிச்சுட்டு யாரும் இரும்பு மாத்திரையை நிப்பாட்டிராதீங்க, ப்ளீஸ். மாத்திரையும் வேணும், நெருப்பையும் அணைக்கணும்.

நீர்க்கட்டிக்கும் இதுக்கும் உறவு இருக்கு. இன்சுலின் சரியா வேலை செய்யாமப் போறது, வயித்துக் கொழுப்பு, லேசான அழற்சி மூணும் ஒண்ணை ஒண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தும், கும்மியடிக்கிற மாதிரி. எது முதல்ல வந்துச்சுன்னு கேட்டா கோழியா முட்டையா கதைதான்.

கரிசக்காட்டுல என்ன மாறிச்சு?

எங்கம்மா காலத்துல களை எடுக்க, பருத்தி எடுக்க, உளுந்து பாசி புடுங்கன்னு விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. மழை பெஞ்சா கரிசல் கால்ல ஒரு கிலோ ஒட்டும், அதோட நடக்கணும். தண்ணிக்கு இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம். உரல், அம்மி, திருகை. சாப்பாடு கம்மங்கஞ்சி, சோளச்சோறு, எப்பயாவது குதிரைவாலி. நெல்லுச்சோறு தீபாவளி பொங்கலுக்குத்தான்.

"அந்தக் காலம் பொற்காலம்"னு ஒப்பாரி வைக்கப் போறேன்னு நெனக்காதீங்க. அந்த வாழ்க்கை எங்கம்மா மூட்டைத் தின்னுருச்சு. பிரசவத்துல போன பொம்பளைகளும் எத்தனையோ. ரேஷன் அரிசியும், 2011ல வந்த இலவச மிக்ஸி கிரைண்டரும், 2021ல இருந்து டவுன் பஸ்ல டிக்கெட் இல்லாத பயணமும் எங்க வீடுகள்ல எத்தனை பேரு முதுகை நிமித்தியிருக்குன்னு எனக்குத் தெரியும். ஒண்ணையும் திருப்பிக் குடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு கணக்கு நேராகலை. உடம்பு வேலையை எடுத்தாச்சு, அதுக்குப் பதிலா விளையாட்டை யாரும் குடுக்கலை. அக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனவ. அவ மக அதே மாதிரி ஆபீஸ்ல ஒம்பது மணி நேரம் நாற்காலி. போக வர வண்டி. கம்பு போயி வெள்ளை அரிசி மூணு வேளையும் வந்துச்சு. (1901ல இருந்து எங்க ஊருல வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கம்பு, சோளம்னு மானாவாரிப் பயிரை ஆராய்ச்சி பண்றதுக்கு. ஊருக்குள்ள கம்மங்கூழை தள்ளுவண்டியில காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறோம்!) 2025ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியர்களோட கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து. பெரும்பாலும் வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை.

பள்ளிக்கூடத்துக் கதை எனக்கு நல்லாத் தெரியும். பத்தாவது வந்துட்டா பி.டி. பீரியடை கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்குவாங்க, திருப்பிக் குடுக்கவே மாட்டாங்க. மிச்சம் இருக்கிறதுல பையன்க மைதானத்துல, பிள்ளைக மரத்தடியில உக்காந்து கதை பேசும். வயசுக்கு வந்த பிறகு ஓடுறது அடக்கம் இல்லையாம். 2022ல மாரீஸ்வரன் சக்திவேலை இந்திய ஹாக்கி அணிக்கு அனுப்புன ஊரு இது. சிந்தெடிக் தரை போட்ட மைதானம் இருக்கு. எங்க தெருவுல எந்த வீட்டுலயும் பையன் ஹாக்கி மட்டையைத் தூக்குனா பெருமை. பிள்ளை தூக்குனா, "வெயில்ல கறுத்துருவா"!

உலகம் முழுக்கவே இப்படித்தான்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லுச்சு. பதின்வயசுல போதுமான அளவு உடம்பை அசைக்காதவங்க பையன்கள்ல 78 சதவீதம், பெண் பிள்ளைகள்ல 85 சதவீதம்.

தசை என்ன செய்யும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கொழுப்பு விடுற அழற்சிப் பொருள்னு இன்டர்லூக்கின்-6ஐச் சொன்னேன் இல்லையா? டென்மார்க்குல பெடர்சன்னு ஒரு விஞ்ஞானி (பொம்பளைதான்!) என்ன கண்டுபிடிச்சாங்கன்னா, தசை வேலை செய்யிறப்பவும் அதே இன்டர்லூக்கின்-6தான் வருது. ஆனா அப்ப அது தனியா, கொஞ்ச நேரம் வந்துட்டுப் போகுது. போறப்போ அழற்சியை அணைக்கிற பொருள்களைக் கிளப்பி விட்டுட்டுப் போகுது. ஒரே தீக்குச்சிதான். விளக்கையும் ஏத்தும், வைக்கப்படப்பையும் கொளுத்தும். யாரு கையில, எம்புட்டு நேரம் இருக்குங்கிறதுல இருக்கு சூட்சுமம்.

2003ல அவங்க குழு ஒரு சோதனை பண்ணுச்சு. சிலரை மூணு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வெச்சு, நடுவுல கிருமியோட நச்சைக் கொஞ்சூண்டு ஊசியில ஏத்துனாங்க. சும்மா உக்காந்திருந்தப்போ ஊசி போட்டா டி.என்.எஃப். ரெண்டு மூணு மடங்கு ஏறுச்சு. சைக்கிள் மிதிச்சப்போ ஏறவே இல்லை! 2008ல அதே ஊருக்காரங்க இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாங்க. தெனம் பத்தாயிரம் காலடி நடந்துக்கிட்டு இருந்த இளவட்டங்களை ரெண்டு வாரத்துக்கு 1,500க்கும் கீழ குறைக்கச் சொன்னாங்க. ரெண்டே வாரத்துல வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பு 7 சதவீதம் கூடிப் போச்சு. ரெண்டு சோதனையிலயும் இருந்தவங்க ஆம்பளைப் பையன்கதான். பொம்பளைப் பிள்ளைகளை வெச்சு இந்த மாதிரி சோதனை கொஞ்சம்தான் வருது. அது தனிப் பதிவுக்கான புலம்பல்.

2017ல எண்பதுக்கும் மேல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததுல, உடற்பயிற்சி பண்ணுனா ஆணோ பெண்ணோ, எந்த வயசோ, சி.ஆர்.பி. குறையுதுன்னு தெரிஞ்சுது. கொழுப்பும் சேர்ந்து குறைஞ்சா இன்னும் நல்லாக் குறையுது. எடை இறங்காட்டியும் கொஞ்சமாவது இறங்கும். சென்னையில மோகன் டாக்டர் குழுவினரே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக பத்து நிமிச நடனப் பயிற்சி ஒண்ணு தயார் பண்ணியிருக்காங்க, 'தாண்டவ்'னு பேரு. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. முளைப்பாரியைச் சுத்தி ராத்திரி முழுக்கக் கும்மியடிச்ச ஆளுங்கய்யா நாங்க!

நாங்க என்ன செஞ்சோம்?

பெருசா ஒண்ணும் இல்லை. காலையில அஞ்சரைக்கு நான், அக்கா, அவ மக, பக்கத்து வீட்டு மதினி, நாலு பேரும் கண்மாய்க்கரையில நடை. ஒத்தையா ஒரு பிள்ளை நடந்தா "எங்க போறா?"ன்னு கேக்குற ஊரு. நாலு பேராப் போனா "அம்மன் கோயிலுக்குப் போறாங்க போல"ன்னு விட்டுரும். ரெண்டாவது வாரமே அத்தானுக்கு ஒருத்தர் போன் பண்ணிட்டாரு. "உங்க மக ரோட்டுல ஓடுதாம்ல?"ன்னு. பொண்ணு பாக்க வர்ற நேரமாம். அத்தான் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாரு. மூணாவது நாள் நாய் தொந்தரவுன்னு கம்பை எடுத்துக்கிட்டு அவரும் கூட வந்துட்டாரு!

நடை மட்டும் பத்தாதுன்னு டாக்டரம்மா சொன்னதால, வாரத்துல ரெண்டு மூணு நாள் வீட்டுல உக்காந்து எந்திரிக்கிறது (அதாங்க, நம்ம தோப்புக்கரணம்), ரெண்டு பக்கமும் தண்ணிக் கேன் தூக்கிட்டு மாடி ஏறி இறங்குறது. உலக சுகாதார நிறுவனமும் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிசம் நடை மாதிரி வேலை, ரெண்டு நாள் தசைக்கு வேலைன்னுதான் சொல்லுது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெனமும் ஒரு மணி நேரம். சாப்பாட்டுல காலையில பட்டினியை நிப்பாட்டியாச்சு. ராத்திரி சோறு பாதியாச்சு, மிச்சப் பாதிக்குப் பயறு, முட்டை, கீரை. வாரத்துல மூணு நாள் கம்பு. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாச்சு. டாக்டர் குடுத்த மாத்திரையும் தொடருது.

ஆறு மாசம் கழிச்சு எடை பார்த்தா 48. ஒரு கிலோ கூடியிருக்கு! அக்கா மூஞ்சி சுருங்கிருச்சு. இடுப்பை அளந்தா 77. ஹீமோகுளோபின் 11.1. சி.ஆர்.பி. 2.3. மாசக் கணக்கு ஓரளவுக்கு ஒழுங்காகியிருக்கு. இதுல எது நடையால, எது மாத்திரையால, எது சாப்பாட்டாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒருத்தியை வெச்சு ஊருக்கே தீர்ப்பு எழுதவும் கூடாது, இதை என் மாணவிகளுக்கு நானே சொல்லிக் குடுக்குறவ. ஆனா அவ தராசைப் பார்த்துப் பயப்படுறதை விட்டுட்டா. "சித்தி, மாடிப்படி ஏறுனா இப்ப மூச்சு வாங்கலை"ன்னு சொன்னா பாருங்க, எனக்கு ரிப்போர்ட்டை விட அதுதான் பெருசாப் பட்டுச்சு.

உங்க வீட்டுக்கு ஒரு வேலை

எல்லாரும் ஓடிப்போய் சி.ஆர்.பி. எடுக்காதீங்க. காய்ச்சல், பல் ஈறு வீக்கம், சில கருத்தடை மாத்திரை, எது இருந்தாலும் அது ஏறும். வெறும் நம்பரைப் பார்த்துப் பயந்துக்கிட்டுக் கெடக்கணும். வேணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும்.

அதுக்கு முன்னாடி ஒரு துண்டுக் கயிறு போதும். பிள்ளையோட உயரத்தை உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் கயித்துல அளங்க. பாதியா மடிங்க. அந்தப் பாதிக் கயிறு இடுப்பைச் சுத்தி வந்து முட்டுதான்னு பாருங்க. முட்டுனா நல்லது. முட்டலைன்னா, தராசு என்ன சொன்னாலும், உள்ள கொஞ்சம் சூடு இருக்கலாம். நம்ம பொம்பளைகளுக்கு இது புதுசும் இல்லை. பாவாடை நாடா முடிச்சு வருசா வருசம் ஓரத்துக்கு நகர்றதை நாமதானே பாக்குறோம்? யாரும் அதை ஒரு டெஸ்ட்டுன்னு நமக்குச் சொல்லலை, அவ்வளவுதான்.

அப்புறம், உங்க ஊருப் பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம் நடந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எம் பொண்ணு இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் ஓடி விளையாடுனா?" மார்க்கு கேக்குற அதே குரல்ல கேளுங்க. நாலு பேரு கேட்டாப் போதும், கணக்கு டீச்சர் கடனைத் திருப்பிக் குடுத்துருவாங்க. (எங்க பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் இதைப் படிச்சா நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல எனக்கு டீ கிடையாது.)

சரி, நேரமாச்சு. அஞ்சரைக்குக் கண்மாய்க்கரை. அத்தான் கம்போட வந்து வாசல்ல நின்னுருவாரு. வரட்டா?